விண்பொருள் மோதல்களும் தமிழ்நாடும்

விண்பொருள் மோதல் என்பது சிறுகோள், வால்வெள்ளி அல்லது அவற்றின் துண்டுகள் புவியின் வளிமண்டலத்தினுள் புகுந்து வானிலேயே வெடிப்பதையோ, நிலத்திலோ கடலிலோ வந்து மோதுவதையோ குறிக்கும். இத்தகைய மோதல்கள் புவியின் வரலாற்றில் பலமுறை நிகழ்ந்துள்ளன. அவற்றுள் ஒன்று சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் உயிரினங்களின் பேரழிவுக்குக் காரணமாயிற்று.

நிலநடுக்கம் நிகழும் நாளை முன்னறிவிக்க இயலாது. புயலைச் சில நாட்களுக்கு முன்பே அறிய இயலும். ஆனால் ஒரு விண்பொருள் கண்டறியப்பட்டு அதன் சுற்றுப்பாதை நன்கு அளக்கப்பட்டிருந்தால், அது புவியை நெருங்கும் நாளைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கணிக்க முடியும். எனவே இவ்விடரிலிருந்து காத்துக்கொள்வதற்கான முதற்பணி, வானைத் தொடர்ந்து நோக்கி இப்பொருட்களைக் கண்டறிவதே ஆகும். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் சென்னையிலிருந்து கண்டறியப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் இப்பணி காவலூரில் மீண்டும் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் விண்கற்கள் வீழ்ந்துள்ளன. விண்கல் வீழ்ந்ததாக ஐயுறப்பட்ட நிகழ்வும் உண்டு.

சொற்பொருள்

சிறுகோள்: ஞாயிற்றைச் சுற்றிவரும் பாறை அல்லது உலோகத்தாலான சிறு பொருள். பெரும்பாலான சிறுகோள்கள் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட சிறுகோள் பட்டையில் உள்ளன. முதலில் காணப்பட்டது சீரிசு. இதனை 1801 ஜனவரி 1 அன்று இத்தாலியின் பலெர்மோ நகரில் சூசேப்பே பியாசி கண்டறிந்தார். சீரிசு இன்று குறுங்கோள் என வகைப்படுத்தப்படுகின்றது.

வால்வெள்ளி: பனிக்கட்டியும் தூசும் கலந்த பொருள். ஞாயிற்றை நெருங்கும்போது பனி ஆவியாகி வால் தோன்றும்.

எரிவெள்ளி: விண்வெளியிலிருந்து வரும் துகள் வளிமண்டலத்தில் எரியும்போது தோன்றும் ஒளிக்கீற்று. மிகவும் ஒளிமிக்கது தீப்பந்து எனப்படும்.

விண்வீழ்கல்: எரிந்து தீராமல் நிலத்தை வந்தடையும் எச்சம். பொது வழக்கில் இது விண்கல் எனவும் எரிகல் எனவும் வழங்குகின்றது.

புவியருகு விண்பொருள்: ஞாயிற்றுக்கு மிக அண்மையில் வரும்போது 1.3 வானியல் அலகு (சுமார் 19.5 கோடி கி.மீ) தொலைவுக்குள் வரும் சிறுகோள் அல்லது வால்வெள்ளி.

இடர்தரவல்ல சிறுகோள்: தன் பாதை புவியின் பாதையிலிருந்து 0.05 வானியல் அலகுக்குள் (சுமார் 75 இலட்சம் கி.மீ) அமைந்து, ஏறத்தாழ 140 மீட்டருக்கு மேல் அளவுடைய சிறுகோள். இப்பெயர் அது புவியில் மோதப்போகிறது என்பதைக் குறிப்பதன்று. தொடர்ந்து கண்காணிக்கப்பட வேண்டியது என்பதையே குறிக்கும்.

பழந்தமிழ் இலக்கியத்தில்

பழந்தமிழ் நூல்களில் வால்வெள்ளி புகைக்கொடி, தூமகேது முதலிய பெயர்களால் குறிக்கப்படுகின்றது. அதன் தோற்றம் நாட்டுக்குத் தீங்கு வருவதன் அறிகுறியாகக் கருதப்பட்டது. புறநானூற்றின் 229-ஆம் பாடலில், வானிலிருந்து ஒரு மீன் எரிந்து வீழக்கண்ட கூடலூர் கிழார், சேர மன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் நலன் குறித்து அஞ்சியதும், ஏழாம் நாளில் மன்னன் இறந்ததும் பாடப்படுகின்றன. பாடல் நடந்ததை நிமித்தமாகக் காண்கின்றது. எனினும் வீழ்மீன் தோன்றிய வானப் பகுதியையும் காலத்தையும் விண்மீன்களைக் கொண்டு குறிப்பிடுவதால், வானியல் வரலாற்று நோக்கிலும் இப்பாடல் ஆராயப்பட்டுள்ளது.

இடரின் அளவு

விண்பொருட்கள் நொடிக்கு 11 முதல் 72 கி.மீ வரையான வேகத்தில் வளிமண்டலத்தினுள் நுழையக்கூடும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், சிறிய பொருளும் பெரும் ஆற்றலைக் கொண்டிருக்கும். பொருள் பெரிதாக இருக்குமளவு அதன் வருகை அரிதாகும். அறிவியலாளர் தரும் தோராய மதிப்பீடுகள் பின்வருமாறு:

சில மீட்டர்: ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை. பெரும்பாலும் உயர்வானில் சிதைந்துவிடும்.

20 மீட்டர்: சில பத்தாண்டுகள் முதல் நூறாண்டு வரையிலான காலத்திற்கு ஒருமுறை. வானில் வெடிக்கும், அதிர்வலையால் நகர்ப்புறத்தில் காயங்கள் நேரும்.

140 மீட்டர்: ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை. ஒரு பெரும் வட்டாரமே அழியக்கூடும்.

1 கிலோமீட்டர்: பல இலட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை. உலகளாவிய விளைவு உண்டாகும்.

10 கிலோமீட்டர்: பத்துக்கோடி ஆண்டுகள் அளவிலான காலத்திற்கு ஒருமுறை. உயிரினங்கள் பெருமளவில் அற்றுப்போகும்.

இவை சராசரிகளே. நூறாண்டுக்கு ஒருமுறை நிகழ்வது என்றால், ஒன்று நிகழ்ந்தபின் அடுத்தது நூறாண்டு கழித்தே வரும் என்று பொருளில்லை.

அண்மைக் காலத்தில் பதிவான மிகப்பெரிய நிகழ்வு 1908 ஜூன் 30 அன்று சைபீரியாவின் துங்குசுக்கா ஆற்றுப்பகுதியில் நடந்தது. ஏறத்தாழ 50 முதல் 60 மீட்டர் அளவுடையதாகக் கருதப்படும் பொருள் சில கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தது. சுமார் 2,150 சதுர கி.மீ பரப்பில் காட்டு மரங்கள் சாய்ந்தன. மக்கள் அரிதாக வாழ்ந்த இடமாதலால் உயிரிழப்பு மிகக்குறைவு. இந்நாளின் நினைவாக ஜூன் 30-ஐ அனைத்துலகச் சிறுகோள் நாளாக ஐக்கிய நாடுகள் அவை 2016-இல் அறிவித்தது.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பரப்பளவு சுமார் 4,400 சதுர கி.மீ. ஆகவே துங்குசுக்காவில் மரங்கள் சாய்ந்த நிலப்பரப்பு அம்மாவட்டத்தில் ஏறத்தாழ பாதியாகும். அதே பரப்புடைய வட்டம் ஒன்றைத் திருவெறும்பூரை மையமாகக் கொண்டு வரைந்தால், அதன் ஆரம் சுமார் 26 கி.மீ இருக்கும். துவாக்குடி, திருச்சிராப்பள்ளி மாநகரம், திருவரங்கம், சமயபுரம், இலால்குடி, கல்லணை ஆகிய அனைத்தும் அவ்வட்டத்தினுள் அடங்கும். துங்குசுக்காவில் உண்மையில் மரங்கள் சாய்ந்த பரப்பு வட்டமாக அல்லாமல் வண்ணத்துப்பூச்சியின் சிறகு விரிந்தது போன்ற வடிவில் இருந்தது. ஆற்றுப்படுகையில் மக்கள் நெருங்கி வாழும் நாட்டில் இதே நிகழ்வு எத்தகைய இழப்பைத் தரும் என்பதை இவ்வொப்பீடு உணர்த்தும்.

2013 பெப்ரவரி 15 அன்று உருசியாவின் செல்யாபின்சுக் நகரருகே ஏறத்தாழ 20 மீட்டர் அளவுடைய பொருள் சுமார் 30 கி.மீ உயரத்தில் வெடித்தது. ஏறத்தாழ 1,500 பேர் காயமுற்றனர். பெரும்பாலோர் உடைந்த சன்னல் கண்ணாடிகளால் காயமடைந்தவர்கள். ஒளியைக் கண்டவுடன் வேடிக்கை பார்க்கச் சன்னலருகே வந்து நின்றவர்களை, இரண்டு நிமிடத்திற்கும் மேலாகக் கழித்து வந்த அதிர்வலை தாக்கியது. இப்பொருள் ஞாயிறு இருந்த திசையிலிருந்து வந்ததால் எத்தொலைநோக்கியாலும் முன்கூட்டிக் காணப்படவில்லை.

திருச்சிராப்பள்ளி வட்டாரப் பாறைகள்

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், ஏறத்தாழ 10 கி.மீ அளவுடைய சிறுகோள் இன்றைய மெக்சிகோவின் யுக்காட்டான் தீவக்குறைப் பகுதியில் மோதியது. இதனால் உண்டான சிக்சுலப் பள்ளத்தின் விட்டம் சுமார் 180 கி.மீ. உயிரினச் சிற்றினங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அற்றுப்போயின. பறவைகளின் முன்னோர் நீங்கலாக டைனசோர்களும், கடலில் வாழ்ந்த அம்மோனைட்டுகளும் மறைந்தன. கிரீத்தேசியக் காலம் இத்துடன் முடிந்தது.

புவியின் மேலோட்டில் மிக அரிதாகவும் விண்கற்களில் மிகுதியாகவும் காணப்படும் தனிமம் இரிடியம். கிரீத்தேசிய முடிவுக்குரிய களிமண் படிவில் இரிடியம் மிகுந்திருப்பதைக் கண்டு, இப்பேரழிவுக்கு மோதலே காரணம் என 1980-இல் லூயி அல்வாரெசு, வால்ட்டர் அல்வாரெசு ஆகியோர் கொண்ட குழு முன்வைத்தது. இந்தியாவில் குசராத்தின் அஞ்சார், மேகாலயாவின் உம் சோரிங்கியூ ஆற்றுப்பகுதி ஆகிய இடங்களில் இரிடியம் மிகுந்த படிவுகள் அறியப்பட்டுள்ளன. அதே காலத்தில் தக்காணப் பீடபூமியில் நிகழ்ந்த பெரும் எரிமலைப் பாய்வுகளும் அழிவில் பங்கு கொண்டனவா என்பது இன்றும் ஆராயப்படுகின்றது.

இக்காலத்தைப் பற்றி அறியத் தமிழ்நாட்டிலுள்ள சிறந்த இடம் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டமாகும். இன்றைய திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கிரீத்தேசியக் கடலின் படிவுகள் வெளித்தெரிகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த என்றி பிளான்போர்டு இவற்றை ஆராய்ந்து, ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என வகுத்தார். இப்பெயர்கள் உலகப் புவியியல் நூல்களில் இன்றும் வழங்குகின்றன. கல்லக்குடி, அரியலூர்ப் பகுதிகளில் சிமெண்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்படும் சுரங்கங்கள் பல இக்கடற்படிவுகளைச் சேர்ந்தவையே.

காரை முதலிய இடங்களில் அம்மோனைட்டுப் புதைபடிவங்களும், சாத்தனூரில் 1940-இல் புவியியலாளர் மா. சீ. கிருட்டிணன் கண்டறிந்த 18 மீட்டர் நீளக் கல்மரமும், கல்லமேட்டில் டைனசோர் எலும்புகளும் கிடைத்துள்ளன. கிரீத்தேசியப் படிவுகளுக்கு மேல் நின்னியூர்ப் பகுதியில் அடுத்த காலமாகிய பேலியோசீனுக்குரிய படிவுகள் உள்ளன. அவற்றில் அம்மோனைட்டுகள் இல்லை. மோதலின் நேர்த்தடயமாகிய பள்ளம் தமிழ்நாட்டில் எங்கும் உறுதிசெய்யப்படவில்லை. எனினும் அழிவுக்கு முன்பும் பின்பும் இருந்த கடல்வாழ்வை அடுத்தடுத்த அடுக்குகளில் காட்டுவதால் இப்பாறைகள் மதிப்பு மிக்கவை.

இந்தியாவில் மோதல் பள்ளங்களாக உறுதிசெய்யப்பட்டவற்றுள் மகாராட்டிரத்தின் லோணார் ஏரி புகழ்பெற்றது. இதன் விட்டம் சுமார் 1.8 கி.மீ. எரிமலைப் பாறையான பசால்ட்டில் அமைந்த மோதல் பள்ளம் என்ற வகையில் இது உலகில் அரிதானது. மத்தியப் பிரதேசத்தின் தாலா, இராசத்தானின் இராம்கர் ஆகியவை ஏனையவை.

சென்னை வானாய்வகம்

வில்லியம் பெட்ரி என்பவர் 1786-இல் எழும்பூரில் தனியாக நிறுவிய வானாய்வகம் பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசம் வந்து, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் பெற்றது. 1861-இல் அரசு வானியலாளராகப் பொறுப்பேற்ற நார்மன் இராபர்ட் போக்சன், அவ்வாண்டு ஏப்ரல் 17 அன்று ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் ஆதலால் அதற்கு 67 ஆசியா எனப் பெயரிடப்பட்டது. தொடர்ந்து சென்னையிலிருந்து அவர் கண்டறிந்த சிறுகோள்கள்:

80 சாப்போ (1864)
87 சில்வியா (1866)
107 கமில்லா (1868)
245 வேரா (1885)

இவை யாவும் சிறுகோள் பட்டையைச் சேர்ந்தவை. புவிக்கு இடர் தருவன அல்ல. சில்வியாவுக்கு இரு துணைக்கோள்கள் இருப்பது 2005-இல் அறிவிக்கப்பட்டது. இரு துணைக்கோள்கள் உடையதாக அறியப்பட்ட முதல் சிறுகோள் இதுவே. போக்சனின் மகள் ஐசிசு போக்சன் இவ்வானாய்வகத்தில் உதவியாளராகப் பணியாற்றினார்.

1872-ஆம் ஆண்டின் தந்தி

பீலாவின் வால்வெள்ளி ஏறத்தாழ 6.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஞாயிற்றைச் சுற்றி வந்தது. அது 1846-இல் இரண்டாகப் பிளந்து காணப்பட்டது; 1852-க்குப் பின் காணப்படவேயில்லை. 1872 நவம்பர் 27 அன்று அதன் பாதையைப் புவி கடந்தபோது, ஐரோப்பாவில் மிகப்பெரிய எரிவெள்ளிப் பொழிவு தோன்றியது. வால்வெள்ளி புவியைத் தொட்டுச் சென்றுவிட்டது எனக் கருதிய செருமனியின் கோட்டிங்கன் வானியலாளர் கிளிங்கர்பூசு, அது விலகிச் செல்லும் திசையிலுள்ள தென்வான விண்மீன் ஒன்றனருகே தேடுமாறு போக்சனுக்குத் தந்தி அனுப்பினார். அவ்விண்மீன் ஐரோப்பாவிலிருந்து காணத் தக்கதாக இல்லை, சென்னையிலிருந்து காணத்தக்கது.

மழைக்காலமாதலால் சென்னை வானம் மேகமூட்டத்துடன் இருந்தது. டிசம்பர் 2, 3 ஆகிய இரு விடியற்காலைகளில் மட்டும் போக்சன் அவ்விடத்தில் ஒரு வால்வெள்ளியைக் கண்டு அதன் இருப்பிடத்தை அளந்தார். பின்னர் மீண்டும் மேகம் சூழ்ந்தது. இரு அளவீடுகளைக் கொண்டு சுற்றுப்பாதையை உறுதியாகக் கணிக்க இயலவில்லை. அது பீலாவின் வால்வெள்ளியின் பகுதியன்று என்பதே பிற்காலக் கணிப்புகளின் முடிவு. ஒரு பொருளைக் கண்டால் மட்டும் போதாது, போதிய நாட்கள் தொடர்ந்து அளக்க வேண்டும் என்பதற்கு இந்நிகழ்வு நல்ல எடுத்துக்காட்டு.

வால்வெள்ளிகள்

1910-இல் ஏலியின் வால்வெள்ளி வந்தபோது அதன் வாலில் சயனோசன் என்னும் நச்சு வளி இருப்பது அறியப்பட்டது. மே மாதத்தில் புவி அவ்வாலின் ஊடாகச் செல்லும் என்ற செய்தி பல நாடுகளில் அச்சத்தைக் கிளப்பியது. வாலின் அடர்த்தி மிகமிகக் குறைவு ஆதலால் தீங்கு ஏதும் நேரவில்லை. கொடைக்கானல் வானாய்வகத்தில் அவ்வால்வெள்ளி ஒளிப்படம் எடுக்கப்பட்டது.

சென்னையில் பிறந்த வானியலாளர் வைணு பாப்பு (1927–1982), ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றபோது 1949-இல் ஒரு புதிய வால்வெள்ளியைக் கண்டார். அது அவர் பெயரையும் உடன் ஆய்வு செய்தோர் பெயர்களையும் சேர்த்துப் பாப்பு–போக்–நியூகிர்க் வால்வெள்ளி எனப்படுகின்றது.

மோதல் இடரில் வால்வெள்ளிகளின் பங்கு சிறுகோள்களினதை விட மிகவும் குறைவு. ஆயினும் நெடுங்கால வால்வெள்ளிகள் மிகு வேகத்துடன், குறுகிய முன்னறிவிப்புடன் வருவன. 2013 ஜனவரியில் கண்டறியப்பட்ட சைடிங் சுபிரிங் வால்வெள்ளி, 21 மாதங்களில், 2014 அக்டோபர் 19 அன்று செவ்வாய்க் கோளை சுமார் 1,40,000 கி.மீ தொலைவில் கடந்தது. அப்போது செவ்வாயைச் சுற்றிவந்த இந்தியாவின் மங்கள்யான் விண்கலத்தின் பாதை, தூசுத்துகள்களின் தாக்குதலுக்கு உள்ளாகாதவாறு முன்னதாகவே மாற்றியமைக்கப்பட்டது. புவியை நோக்கி இத்தகைய வால்வெள்ளி வருமாயின் ஆயத்தம் செய்யக் கிடைக்கும் காலமும் ஏறத்தாழ இவ்வளவே இருக்கக்கூடும்.

காவலூரும் கல்கி திட்டமும்

வைணு பாப்புவின் முயற்சியால் ஜவ்வாது மலையில், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்திலுள்ள காவலூரில் 1960களின் இறுதியில் வானாய்வகம் அமைக்கப்பட்டது. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று தொடங்கிவைக்கப்பட்டபோது இதற்கு வைணு பாப்பு வானாய்வகம் எனப் பெயரிடப்பட்டது. இது இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் இயங்குகின்றது. புவிநடுக்கோட்டிலிருந்து சுமார் 12.5 பாகை வடக்கே மட்டும் அமைந்திருப்பதால், வட வானையும் தென் வானின் பெரும்பகுதியையும் இங்கிருந்து நோக்க இயலும்.

1980களின் பிற்பகுதியில் ஆர். இராசமோகன் தலைமையில் கல்கி திட்டம் என்னும் பெயரில் புதிய சிறுகோள்களைத் தேடும் பணி இங்கே நடைபெற்றது. இதற்கு 45 செ.மீ சுமிட் தொலைநோக்கி பயன்பட்டது. சுமிட் வகைத் தொலைநோக்கி வானின் அகன்ற பரப்பை ஒரே படத்தில் பதியவல்லது. ஒரே வானப்பகுதியைச் சிறிது கால இடைவெளியில் இருமுறை படமெடுத்து ஒப்பிட்டால், விண்மீன்கள் அசையாமல் இருக்க, சிறுகோள் மட்டும் இடம் மாறியிருக்கும். இன்றைய தானியங்கித் தொலைநோக்கிகளும் இதே அடிப்படையிலேயே இயங்குகின்றன. ஒப்பிடும் வேலையைக் கணினி செய்கின்றது.

1988 பெப்ரவரி 17 அன்று காவலூரில் கண்டறியப்பட்ட சிறுகோளுக்கு, ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை இராமானுசனின் நினைவாக 4130 இராமானுசன் எனப் பெயரிடப்பட்டது. போக்சனின் 1885-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்புக்குப் பின், நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளியைக் கடந்து இந்தியாவிலிருந்து நிகழ்ந்த கண்டுபிடிப்பு இது. 5178 பட்டாழி, 8348 பட்டாச்சார்யா ஆகிய சிறுகோள்களும் காவலூரில் கண்டறியப்பட்டவையே. வைணு பாப்புவின் பெயரை 2596 என்னும் எண்ணுடைய சிறுகோள் தாங்கியுள்ளது.

தமிழ்நாட்டில் வீழ்ந்த விண்கற்கள்

1857 பெப்ரவரி 28 அன்று அன்றைய மதுரை மாவட்டத்தில் இரு கற்கள் வீழ்ந்தன. மொத்தம் 77 கிலோகிராமுக்கு மேல் எடையுள்ள இவை பர்னல்லி என்னும் பெயரால் உலகப் பட்டியல்களில் இடம்பெற்றுள்ளன. 1886-இல் தென்னார்க்காட்டில் நம்மியந்தல் விண்கல் வீழ்ந்தது. 2008 செப்டம்பர் 12 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் சூலகிரி அருகே சுமார் 110 கிலோகிராம் எடையுள்ள விண்கல் வீழ்ந்தது.

பர்னல்லி, சூலகிரி ஆகிய இரண்டும் எல்எல் காண்டிரைட்டு எனப்படும், இரும்பு குறைந்த கல்வகையைச் சேர்ந்தவை. செல்யாபின்சுக்கில் வெடித்த பொருளும் இவ்வகையே. சப்பானின் ஆயபுசா விண்கலம் இட்டோக்காவா என்னும் புவியருகு சிறுகோளிலிருந்து 2010-இல் கொண்டுவந்த துகள்களும் இவ்வகையுடன் ஒத்திருந்தன. ஆகவே தமிழ்நாட்டின் வயல்வெளிகளில் வீழ்ந்த கற்கள், புவியை நெருங்கிவரும் சிறுகோள்களின் உட்பொருள் எத்தகையது என்பதை அறிவதற்கான மாதிரிகளாக அமைகின்றன. ஒரு சிறுகோளைத் திசைதிருப்ப வேண்டிவரின், அது எவ்வகைக் கல்லாலானது என்பதை அறிந்திருப்பது இன்றியமையாதது.

நாட்டறம்பள்ளி நிகழ்வு (2016)

2016 பெப்ரவரி 6 அன்று, அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த நாட்டறம்பள்ளி அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் வெடிப்பு ஏற்பட்டது. ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார், மூவர் காயமுற்றனர், சன்னல் கண்ணாடிகள் உடைந்தன, தரையில் சிறு பள்ளம் ஒன்று காணப்பட்டது. இது விண்கல் வீழ்ந்ததால் நேர்ந்தது எனத் தமிழ்நாடு அரசு அறிவித்து, இறந்தவரின் குடும்பத்திற்கு இழப்பீடு வழங்கியது. விண்கல்லால் ஒருவர் இறந்தது உறுதியானால் அது மிக அரிய நிகழ்வாகும் என்பதால் செய்தி உலகெங்கும் பரவியது.

வெளியான படங்கள் நிலத்தில் நிகழ்ந்த வெடிப்பையே ஒத்துள்ளன என அமெரிக்காவின் நாசா அமைப்பின் அறிவியலாளர் கருத்துத் தெரிவித்தனர். இந்திய வானியற்பியல் நிறுவனத்தினரும் விண்கல் என்ற கருத்தை ஐயத்துடனேயே அணுகினர். மறுபுறம், கிடைத்த மாதிரி ஒன்றைத் திருச்சிராப்பள்ளி தேசியக் கல்லூரியின் ஆய்வகத்தில் மின்னணு நுண்ணோக்கியால் ஆராய்ந்தபோது, கார்பனேசியக் காண்டிரைட்டு வகைக்குரிய கூறுகள் தென்பட்டதாகச் செய்தி வெளியாயிற்று. எனினும் பன்னாட்டு விண்வீழ்கல் பட்டியலில் இது ஏற்கப்பட்ட விண்கல்லாக இடம்பெறவில்லை.

ஒரு கல்லை விண்கல் என ஏற்பதற்குப் பின்வரும் சான்றுகள் பார்க்கப்படுகின்றன:

வீழ்ச்சிக்கு முன் தீப்பந்தோ ஒலியோ பரந்த பகுதியில் உள்ள பலரால் உணரப்பட்டிருத்தல்.

கல்லின் மேற்பரப்பில் உருகி உறைந்த மெல்லிய கரிய ஓடு காணப்படுதல்.

நிக்கல் கலந்த இரும்பு, காண்டிரூல் எனப்படும் சிறு உருண்டைகள் முதலிய உட்கூறுகள் இருத்தல்.

ஓரிடத்தனிமங்களின் விகிதம் புவிப் பாறைகளிலிருந்து வேறுபடுதல்.

சிறு விண்கற்கள் வளிமண்டலத்தில் தம் வேகத்தை இழந்து, எறிந்த கல் வீழ்வது போலவே வீழ்கின்றன. அவை தீப்பற்றவைப்பதோ வெடிப்பதோ இல்லை. 1888 ஆகஸ்ட் 22 அன்று இன்றைய ஈராக்கின் சுலைமானியா அருகே விண்கல் வீழ்ச்சியால் ஒருவர் இறந்ததாக ஒட்டோமான் அரசின் ஆவணங்களில் உள்ள பதிவு 2020-இல் வெளியிடப்பட்டது. விண்கல்லால் நேர்ந்த உயிரிழப்புக்கு இதுவே வலுவான எழுத்துச் சான்றாகக் கருதப்படுகின்றது.

கண்காணிப்பும் நிகழ்தகவும்

1994 ஜூலையில் சூமேக்கர்–இலெவி 9 வால்வெள்ளியின் துண்டுகள் வியாழனில் மோதியதை உலகம் கண்டபின், புவியருகு விண்பொருட்களைத் தேடும் பணி விரைவுற்றது. 1 கி.மீ-க்கு மேற்பட்ட புவியருகு சிறுகோள்களில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவை கண்டறியப்பட்டுவிட்டன. 140 மீட்டருக்கு மேற்பட்டவற்றில் பாதிக்கும் குறைவானவையே அறியப்பட்டுள்ளன. கண்டறியப்பட்ட புவியருகு சிறுகோள்களின் மொத்த எண்ணிக்கை 2022-இல் 30,000-ஐக் கடந்தது.

இடரை எளிதாக எடுத்துரைக்க 0 முதல் 10 வரையிலான தோரினோ அளவுகோல் 1999 முதல் பயன்படுகின்றது.

99942 அப்போபிசு: 2004-இல் கண்டறியப்பட்டது. 2029-இல் மோதும் வாய்ப்பு அவ்வாண்டு டிசம்பரில் 2.7 விழுக்காடு வரை கணிக்கப்பட்டு, தோரினோ அளவுகோலில் 4 என்னும் இடத்தைப் பெற்றது. இதுவரை எப்பொருளும் பெற்றவற்றுள் இதுவே உயர்ந்தது. பின்னைய அளவீடுகள் மோதல் இல்லை எனக் காட்டின. அடுத்த நூறாண்டுகளுக்கு இதனால் இடரில்லை என 2021-இல் உறுதியாயிற்று. 2029 ஏப்ரல் 13 அன்று இது புவிப்பரப்பிலிருந்து சுமார் 32,000 கி.மீ தொலைவில், அதாவது புவிநிலைச் செயற்கைக்கோள்களை விட அண்மையில் கடந்து செல்லும்.

2024 ஒய்ஆர்4: 2024 டிசம்பர் 27 அன்று சிலி நாட்டிலுள்ள அட்லசு தொலைநோக்கியால் கண்டறியப்பட்டது. அளவு ஏறத்தாழ 60 மீட்டர். 2032 டிசம்பர் 22 அன்று புவியில் மோதும் வாய்ப்பு 2025 பெப்ரவரி 18 அன்று 3.1 விழுக்காடு எனக் கணிக்கப்பட்டது. மோதல் நிகழக்கூடிய இடங்கள் பசிபிக் பெருங்கடலின் கிழக்குப் பகுதியிலிருந்து தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, அரபிக்கடல் வழியாகத் தெற்காசியா வரை நீண்ட ஒரு பட்டையில் அமைந்திருந்தன. சில நாட்களில் கூடுதல் அளவீடுகள் கிடைத்து, அம்மாத இறுதிக்குள் புவிக்கான இடர் நீங்கியதாக அறிவிக்கப்பட்டது.

இவ்விரு நிகழ்வுகளிலும் நிகழ்தகவு முதலில் ஏறிப் பின்னர் திடீரென வீழ்ந்தது. இதற்குக் காரணம் கணக்கில் பிழையன்று. தொடக்கத்தில் அளவீடுகள் குறைவாதலால், குறிப்பிட்ட நாளில் பொருள் இருக்கக்கூடிய இடம் மிக நீண்ட பட்டையாக இருக்கும். புவி அதில் ஒரு சிறு புள்ளி. அளவீடுகள் மிகுந்து பட்டை சுருங்கும்போது, புவி அதனுள் இருக்கும்வரை அதன் பங்கு பெரிதாகிக்கொண்டே வரும். பட்டையின் விளிம்பு புவியைத் தாண்டிச் சுருங்கியவுடன் வாய்ப்பு சுழியமாகும். செய்திகளில் வரும் விழுக்காட்டை வாசகர் இப்பொருளிலேயே கொள்ள வேண்டும்.

2008 அக்டோபர் 6 அன்று கண்டறியப்பட்ட 2008 டிசி3 என்னும் சுமார் 4 மீட்டர் பொருள், மறுநாளே கணித்தபடி சூடான் நாட்டின் பாலைவனத்தின் மேல் சிதைந்தது. மோதலுக்கு முன்பே கண்டறியப்பட்ட முதல் பொருள் இதுவாகும். இந்தியாவில் இலடாக்கின் ஆன்லேயில் உள்ள குரோத்–இந்தியா தொலைநோக்கி புவியருகு சிறுகோள்களையும் நோக்கி வருகின்றது.

திசைதிருப்பும் முறைகள்

மோதி விலக்கல்: விண்கலம் ஒன்றைச் சிறுகோளின் மீது மோதச் செய்து அதன் வேகத்தைச் சற்று மாற்றுதல். நாசாவின் டார்ட் விண்கலம் 2022 செப்டம்பர் 26 அன்று டிமார்பொசு என்னும் சுமார் 160 மீட்டர் பொருளின் மீது நொடிக்கு 6 கி.மீ வேகத்தில் மோதியது. டிடிமோசு சிறுகோளை அது சுற்றிவரும் காலம் 11 மணி 55 நிமிடத்திலிருந்து அரைமணிக்கும் மேலாகக் குறைந்தது. மனிதர் ஒரு விண்பொருளின் இயக்கத்தை வேண்டுமென்றே மாற்றியது இதுவே முதன்முறை. விளைவை ஆராய ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஏரா விண்கலம் 2024 அக்டோபரில் ஏவப்பட்டது.

ஈர்ப்பு இழுவை: கனமான விண்கலத்தைச் சிறுகோளின் அருகே நெடுங்காலம் நிறுத்தி, ஈர்ப்பால் மெல்ல இழுத்தல். இது இன்னும் கருத்தளவில் உள்ளது.

அணுவெடிப்பு: பொருள் மிகப்பெரிதாகவோ காலம் மிகக் குறைவாகவோ இருப்பின் இறுதி வழியாக ஆராயப்படுகின்றது.

எம்முறையாயினும் காலமே முதன்மையானது. ஒரு சிறுகோளின் வேகத்தை நொடிக்கு 1 சென்டிமீட்டர் மட்டும் மாற்றினாலும், பத்தாண்டுகளில் அது எளிய கணக்கின்படி சுமார் 3,150 கி.மீ இடம்பெயர்ந்திருக்கும். இது புவியின் ஆரத்தில் ஏறத்தாழ பாதி. அதே மாற்றத்தை ஓராண்டுக்கு முன் செய்தால் கிடைப்பது சுமார் 315 கி.மீ மட்டுமே.

பொதுமக்கள் அறியவேண்டியவை

வானில் ஞாயிற்றைப் போல் ஒளிமிக்க தீப்பந்து தோன்றினால் சன்னல், கண்ணாடிக் கதவு ஆகியவற்றிலிருந்து விலகிச் சில நிமிடங்கள் காத்திருத்தல் வேண்டும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு கிலோமீட்டரே செல்வதால், 30 கி.மீ உயரத்தில் நிகழும் வெடிப்பின் அதிர்வலை நிலத்தை அடைய ஒன்றரை நிமிடத்திற்கு மேலாகும். விண்கல் என ஐயுறும் கல் கிடைத்தால், வெறுங்கையால் தொடாது தூய உறையில் இட்டு, கிடைத்த இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, மாவட்ட நிருவாகத்தின் வாயிலாக இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையிடம் சேர்ப்பிக்க வேண்டும். நாட்டில் வீழும் விண்கற்களைப் பேணிக்காக்கும் பொறுப்பு அத்துறையினுடையது.

மாணவர்கள் அரியலூர் மாவட்டம் வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்திலும், திருச்சிராப்பள்ளி அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்திலும் இப்பொருள் தொடர்பானவற்றை மேலும் அறியலாம்.

இவற்றையும் பார்க்க

சிறுகோள் பட்டை
வால்வெள்ளி
விண்வீழ்கல்
வைணு பாப்பு வானாய்வகம்
நார்மன் இராபர்ட் போக்சன்
கிரீத்தேசியக் காலம்
லோணார் ஏரி